உள்ளே தாழிட்ட அலமாரி

அத்தியாயம் நான்கு

குடிவருவதற்கு ஆள் கிடைத்துவிட்டால் 'வீடு வாடகைக்கு' என்னும் பலகைக்கு அப்புறம் ஒரு வேலையும் இல்லை. லாங் பஜாரை ஒட்டிய பழைய சந்தில், அண்மையில் புதுப்பிக்கப்பட்ட அந்த இரண்டடுக்கு வீட்டின் வாசலில், அத்தகைய தகரப் பலகையொன்று தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாகக் கிடந்தது. துப்பறிவாளர் நவநீதன் அதன்மேல் இருந்த செங்கல்லை எடுத்துக் கீழே வைத்துவிட்டுப் பலகையைப் புரட்டினார்.

"சார், கேஸு வீட்டுக்குள்ள இருக்குது. நீங்க தொட்டியத் தொறந்து கொசு எண்ணிட்டு இருக்கீங்க," என்றாள் அவருடைய உதவியாளரான மெர்சி.

நவநீதன் இருபத்திரண்டு ஆண்டுகள் தோல் தொழிற்சாலையொன்றில் தரம் பிரிப்பவராகப் பணியாற்றியவர். மேற்புறம் எவ்வளவு பளபளத்தாலும், தோலைப் புரட்டி மறுபுறத்தை விரலால் தடவிப் பாராமல் தரம் சொல்லலாகாது என்பது அத்தொழிலின் முதல் விதி. தொழிலை விட்டு ஒன்பது ஆண்டுகள் ஆகியும் அவருடைய கை அவ்விதியை விடவில்லை. ஓட்டலில் தோசை வந்தால் அதையும் புரட்டிப் பார்த்தே உண்கிறார் என்பது மெர்சியின் நெடுநாள் புகார்.

பலகையின் ஒருபுறம் இவ்வாறு எழுதப்பட்டிருந்தது: 'கீழ்ப் போர்ஷன் வாடகைக்கு. சிறு குடும்பம் மட்டும்.' அவ்வெழுத்துகளின் குறுக்கே ஒரு கோடு இழுக்கப்பட்டிருந்தது. மறுபுறம் புதுவண்ணத்தில், 'கீழ்ப் போர்ஷன் வாடகைக்கு. கட்டில், அலமாரியுடன். வயதான தாயார் உள்ள குடும்பம் மட்டும்.'

மெர்சி இருமுறை படித்தாள். "பேச்சுலர் வேணாம், நாய் வேணாம், கருவாடு வறுக்க வேணாம். இதெல்லாம் பாத்திருக்கேன். வயசானவங்க வேணும்னு கேக்கற வீட்டுக்காரர இன்னிக்கித்தான் பாக்கறேன். எங்க ஏரியாவுல வயசானவங்கன்னா பாத்ரூம் வழுக்கும்னு சொல்லியே அனுப்பிடுவாங்க."

"அதைத்தான் நானும் யோசிக்கறேன்," என்று கூறிய நவநீதன், பலகையை முன்பு இருந்தபடியே வைத்துச் செங்கல்லையும் ஏற்றினார்.

உள்ளே பூர்ணிமா காத்திருந்தாள். முப்பத்து நான்கு வயதினள்; ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலையொன்றில் வடிவமைப்புப் பிரிவில் வேலை. முந்தைய நாள் தொலைபேசியில் அழுதவள், இன்று அழுகையை அடக்கிய முகத்துடன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"மூணு மணிக்கு எங்க அண்ணன் கார் எடுத்துட்டு வர்றாரு சார். அம்மாவ மெட்ராஸ்ல ஒரு ஹோமுல சேக்கறதுக்கு. மனசு சரியில்லாதவங்களப் பாத்துக்கற எடம். ஃபார்ம்ல நான் கையெழுத்துப் போடணும். போட்டா அம்மாவ அனுப்பின மாதிரி. போடலைன்னா, இங்க தனியா விட்டு ஏதாச்சும் ஆச்சுன்னா என் தலைலதான்."

"உங்க அம்மாவுக்கு இன்னா ஆச்சும்மா? மொதல்லேர்ந்து சொல்லுங்க," என்றார் நவநீதன்.

ஆறு திங்களுக்கு முன் அவள் தாய் கமலத்தம்மாளுக்குத் தலையில் அறுவை நடந்தது. உயிர் தப்பியது, ஆயின் வலக்கை தூக்குவதில்லை, கழுத்தும் திரும்புவதில்லை. மருத்துவமனைக்கு அருகில் இருக்கட்டுமே என்று சொந்த ஊரான நெமிலியை விட்டு இவ்வீட்டிற்குக் குடிவந்தார்கள். பூர்ணிமா காலை ஏழு மணிக்கு ஸ்கூட்டரில் புறப்பட்டு, பேருந்து நிலையத்தில் அதை நிறுத்திவிட்டுத் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறுவாள். வேலைக்காரி கண்ணம்மாள் பகல் பன்னிரண்டரைக்கு உணவூட்டி, வெளியே பூட்டிக்கொண்டு போய் ஐந்து மணிக்குத் திரும்புவாள். இடைப்பட்ட வேளையில் ஒரு பெண்மணி வந்து தம் அருகில் அமர்ந்து பேசுவதாகக் கமலத்தம்மாள் இரண்டு மாதமாகக் கூறி வருகிறார்.

"வாசல்ல கேமரா மாட்டினேன் சார். கண்ணம்மா போறது தெரியுது, வர்றது தெரியுது. நடுவுல பூனைகூட வர்றதில்ல. ரெண்டு தடவ பூட்ட மாத்திட்டேன்."

"ரூமுக்குள்ள கேமரா?" என்று மெர்சி கேட்டாள்.

"துணி மாத்துற எடத்துல மாட்டினா ஒடைச்சிடுவேன்னு அம்மா சொல்லிட்டாங்க."

"வீட்டுக்காரர்கிட்ட கேட்டீங்களா?" என்றார் நவநீதன்.

"பக்கத்து வீடுதான். நயீம் அகமது பாய். 'பேய் கீய்னு பேச்ச கெளப்பாதீங்கம்மா, வீட்டுப் பேரு கெட்டுடும். அம்மாவ நல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க'ன்னு சொன்னாரு."

படுக்கையறை கண்ணுக்கு இனியதாக இருந்தது. இரண்டடிச் சுண்ணாம்புச் சுவர்கள் வெள்ளை பூசப்பட்டிருந்தன. பழைய வண்ணக் கண்ணாடிச் சன்னலைத் துலக்கி அப்படியே விட்டிருந்தனர். ஒரு பக்கச் சுவர் முழுவதும் மூன்று கதவுகள் கொண்ட ஒட்டுப்பலகை அலமாரி. அதற்கு முதுகு காட்டினாற்போல் கட்டில் போடப்பட்டிருந்தது. கட்டிலின் தலைமாட்டிற்கும் அலமாரிக்கும் இடையே இரண்டு முழ இடைவெளி.

கட்டிலில் தலையணைகளில் சாய்ந்திருந்த கமலத்தம்மாள் கண்ணை மட்டும் திருப்பினார். "இன்னா தம்பி, நீயும் எனக்குப் புத்தி பெசகிடுச்சின்னு சொல்லத்தான் வந்தியா?"

"இல்லம்மா. வந்தவங்க எப்படி இருந்தாங்கன்னு கேக்க வந்தேன்."

கமலத்தம்மாள் சற்றே திகைத்தார். இரண்டு மாதத்தில் ஒருவரும் அக்கேள்வியைக் கேட்டதில்லை. "என்ன விடப் பெரியவங்க. வெள்ளத் துணி தலையில போட்டிருப்பாங்க. மத்தியானம் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரத்துல பின்னால வளையல் சத்தம் கேக்கும். அப்புறம் பக்கத்துல ஒக்காந்திருப்பாங்க."

"தெனமும் வருவாங்களா?"

"ஞாயித்துக்கெழம வரமாட்டாங்க. இவ லீவு போட்டு வீட்ல இருந்தாலும் வரமாட்டாங்க."

பூர்ணிமா தலைகுனிந்தாள். "அதத்தான் சார் அண்ணன் சொல்றாரு. ஆளு இருந்தா வர்றதில்ல, தனியா இருந்தா மட்டும் வருதுன்னா அது மனசுல வர்றதுதானேன்னு. செவ்வாக்கெழம இதையும் பாத்துட்டாரு. அன்னிக்கே ஹோமுக்கு போன் போட்டுட்டாரு."

அவள் தாயின் இடக்கையைப் பிடித்து விரித்தாள். உள்ளங்கை நடுவே சிவந்த வட்டம். ஐந்து விரல் நுனிகளிலும் தொப்பி போட்டாற்போல் மருதாணி.

"அவங்க வெச்சாங்கன்னு அம்மா சொன்னாங்க. 'அம்மா தானே வெச்சுக்கிட்டு யாரோ வெச்சதா நெனைக்கறாங்க, முத்திடுச்சு'ன்னு அண்ணன் சொன்னாரு."

நவநீதன் மேசைமேல் இருந்த கரண்டியை எடுத்துக் கமலத்தம்மாளின் வலக்கையில் வைத்தார். விரல்கள் மூடவில்லை. கரண்டி போர்வையில் நழுவி விழுந்தது.

"மெர்சி, உன் இடக்கைக்கு நீ மருதாணி வெக்கணும்னா எந்தக் கையால வெப்பே?"

"வலக்கையால..." என்று தொடங்கிய மெர்சி பாதியில் நிறுத்தினாள். "அட, ஆமா சார்! கரண்டி புடிக்காத கை இவ்ளோ அழகா வட்டம் போட்டிருக்குது. எனக்கு ரெண்டு கையும் நல்லா இருந்தும் தோச முட்ட மாதிரிதான் வரும்."

பூர்ணிமா தாயின் கையை விடாமலே கட்டில் விளிம்பில் அமர்ந்துவிட்டாள். "அப்போ... அம்மா சொன்னது நெசமா சார்?"

"ஆள் நெசம். எப்படி வர்றாங்கங்கறதுதான் பாக்கி." நவநீதன் குனிந்து கட்டிலின் காலைத் தடவினார். "இந்தக் கட்டில நகத்திப் பாத்தீங்களா?"

"முடியாது சார். வீட்டுக்காரர் போட்டது. தரையோட ஸ்குரூ அடிச்சிருக்குது."

"கட்டிலுக்கு ஸ்குரூவா?" என்றாள் மெர்சி. "அது இன்னா, ராத்திரி எழுந்து ஓடிடுமா?"

நவநீதன் அலமாரியின் பக்கம் திரும்பினார். "எல்லாக் கதவும் உங்க உபயோகத்துக்குத்தானா?"

"ரெண்டு பக்கமும்தான். நடுக்கதவு வீட்டுக்காரருது. அவரு பழைய சாமான் இருக்குதாம். பூட்டியே வெச்சிருக்காரு."

வீட்டுக்காரர் தம் பொருள்களை ஓர் அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு வீட்டை வாடகைக்கு விடுவது ஊரெங்கும் உள்ள வழக்கம். குடியிருப்பவரும் அதை ஏனென்று கேட்பதில்லை. நவநீதன் நடுக்கதவின் சாவித்துளையில் சுட்டுவிரலை வைத்தார். துளை முழுவதும் மெருகுப் பூச்சு உறைந்து கல்லாகிக் கிடந்தது. பிறகு கீல்களைத் தடவி விரலை முகர்ந்தார். தையல் இயந்திர எண்ணெய், புதியது.

"சாவியே நுழையாத பூட்டு. தொறக்காத கதவுக்கு எண்ண," என்றாள் மெர்சி. "கல்யாணமே ஆவாதவளுக்கு வளைகாப்பு வெச்ச கதையா இருக்குதே சார்."

நவநீதன் கதவை இழுத்துப் பார்த்தார். அது அசைய மறுத்தது. "இந்தப் பக்கம் பூட்டு இல்ல. ஆனாலும் கதவு வரமாட்டேங்குது. அப்படின்னா தாழ்ப்பாள் அந்தப் பக்கம் இருக்குது. சாமான் வெக்கற அலமாரிக்கு யாராவது உள்ளே தாழ்ப்பாள் போடுவாங்களா?"

வெளியே கைவண்டி ஒன்று சத்தமிட்டுக்கொண்டு போயிற்று.

"தோல் எடுக்கறதுக்காக மேல்விஷாரத்துல நெறைய வீட்டுக்குப் போயிருக்கேன்," என்று நவநீதன் தாழ்ந்த குரலில் தொடர்ந்தார். "பழைய வீடுங்கள்ல அண்ணன் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும், அக்கா வீட்டுக்கும் தங்கச்சி வீட்டுக்கும் நடுச்சுவத்துல ஒரு கதவு வெச்சிருப்பாங்க. பொம்பளைங்க தெருவுல கால் வெக்காமலே போக வர. வீட்ட ரிப்பேர் பண்ணி வாடகைக்கு விடறப்ப அந்தக் கதவ செங்கல் வெச்சு அடைச்சுடுவாங்க. இங்க செங்கல் வெக்கல. பலகைய வெச்சிருக்காங்க."

பூர்ணிமா கட்டிலிலிருந்து எழுந்தாள். "ரெண்டு மாசமா என் அம்மா படுத்திருக்கற ரூமுல ஒரு தொறந்த வாசலா? ஒடைங்க சார் அத. இப்பவே ஒடைங்க!"

"ஒடைச்சா கதவுதான் கெடைக்கும். தொறக்கற கை கெடைக்காது. நீங்க வேலைக்குப் போயிட்டீங்கன்னு அந்தக் கைக்கு எப்படித் தெரியும்?"

பூர்ணிமா சன்னல் வழியே வாசலைப் பார்த்தாள். அங்கே அவளுடைய சிவப்பு ஸ்கூட்டர் நின்றுகொண்டிருந்தது.

நவநீதன் மெர்சியைப் பார்த்தார். மெர்சி பெருமூச்செறிந்தாள். "புரியுது சார். ஹெல்மெட், துப்பட்டா, ஸ்கூட்டர். பெட்ரோலாவது இருக்குதா பூர்ணிமா? இல்ல, நானேதான் தள்ளணுமா?"

பாங்கு ஒலித்து ஓய்ந்த சற்று நேரத்தில், பூர்ணிமாவின் தலைக்கவசமும் துப்பட்டாவும் அணிந்த மெர்சி, பக்கத்து வீட்டிற்குக் கேட்கும்படி வாசற்கதவைப் பூட்டிவிட்டு ஸ்கூட்டரை முறுக்கிக்கொண்டு கிளம்பினாள். நவநீதனும் பூர்ணிமாவும் படுக்கையறையை ஒட்டிய சமையலறையின் திரைக்குப் பின்னே நின்றனர். கமலத்தம்மாள் எப்போதும்போல் சன்னலைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

பதினைந்து நிமிடம் கழிந்தது. அலமாரிக்குள் இரும்பு நகரும் ஓசை. நடுக்கதவு சிறிதும் முனகாமல் திறந்தது.

எழுபது வயதிருக்கும் முதிய பெண்மணி ஒருவர், மூடிய கிண்ணமொன்றை இரு கைகளாலும் ஏந்தியபடி வெளியே வந்தார். தட்டுத் தடுமாறவில்லை, அந்த இடைவெளியில் ஆயிரம் முறை நடந்து பழகிய கால்கள் அவை. கட்டில் விளிம்பில் அமர்ந்து, "ஆபா" என்று, அக்காவை அழைக்கும் உருதுச் சொல்லால் அழைத்து, அம்மொழியிலேயே எதையோ கேட்டார்.

"உம், சாப்ட்டேன்," என்றார் கமலத்தம்மாள் தமிழில். "நீ சாப்ட்டியா?"

முதியவர் சிரித்தார். உருதுவில் நீண்ட விடையொன்று கூறினார். கமலத்தம்மாள் அதற்கும் "அப்படியா" என்றார். இருவரில் ஒருவர் மொழி மற்றவருக்கு விளங்கியதாகத் தோன்றவில்லை. உரையாடல் தடைப்பட்டதாகவும் தோன்றவில்லை.

பூர்ணிமாவின் நகங்கள் நவநீதனின் கையில் பதிந்தன. ஆனால் அவருடைய பார்வை அலமாரியின் மேல் இருந்தது. உள்ளிருந்து நீண்ட ஆண் கை ஒன்று, கதவை மெதுவாக இழுத்துச் சாத்தத் தொடங்கியது. நவநீதன் நான்கே எட்டில் அறையைக் கடந்து, கதவிடுக்கில் காலை வைத்தார்.

"சாத்தாதீங்க நயீம் பாய். கொஞ்சம் காத்து வரட்டும்."

உள்ளே நின்றிருந்த நயீம் அகமதுவிற்கு ஐம்பது வயது இருக்கலாம். ஓடுவதற்கு முயலவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் வந்து நின்றார். "எங்கம்மாதான் சார். முனவ்வர் பேகம். அவங்களுக்கு ஞாபகம் போயிடுச்சு. தெரியாம வந்துட்டாங்க. மாஃப் பண்ணிடுங்க."

அப்போது வாசற்பூட்டு திறந்தது. மெர்சி முன்னே வர, பின்னே பூர்ணிமாவின் அண்ணன் வசந்த், கையில் மடித்த படிவத்துடன் வந்தார். "மூணு மணிக்கு வர்றேன்னவரு, இப்பவே சந்து முனையில கார நிறுத்திட்டு நின்னுட்டிருந்தாரு சார். ஸ்கூட்டர மறிச்சி, பூர்ணிமா எங்கன்னு கேட்டாரு. திருடின்னு நெனச்சிட்டாரு," என்ற மெர்சி, அறையிலிருந்தவர்களைக் கண்டு வாயை மூடினாள்.

வசந்த் கட்டிலருகே இருந்த வெள்ளைத் துணிப் பெண்மணியைப் பார்த்தார். திறந்த அலமாரியைப் பார்த்தார். தாயின் முகத்தை மட்டும் அவரால் பார்க்க முடியவில்லை.

"தெரியாம வந்துட்டாங்கன்னு சொன்னீங்க பாய்," என்று நவநீதன் அமைதியாகக் கேட்டார். "ஞாபகம் இல்லாதவங்களுக்கு ஞாயித்துக்கெழம எப்படித் தெரியும்? பூர்ணிமா லீவு போட்ட நாளு எப்படித் தெரியும்?"

நயீம் அகமது தாயின் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தார்.

"வாசல் பலகையோட ரெண்டு பக்கத்தையும் படிச்சேன். மொதல்ல சிறு குடும்பம் கேட்டீங்க. அப்புறம் வயசான தாயார் வேணும்னு கேட்டீங்க. தலைமாட்டுல நடக்க எடம் விட்டுக் கட்டிலத் தரையோட முடுக்கினீங்க. படுத்திருக்கறவங்க கண்ணுல அலமாரி படாத மாதிரி. இது தெரியாம நடந்தது இல்ல பாய். நீங்க குடித்தனத்துக்கு ஆள் தேடல. உங்கம்மாவுக்கு ஒரு அக்கா தேடியிருக்கீங்க."

நயீம் அகமது சுவரில் சாய்ந்தார். "இது மஹ்பூபி காலா வீடு சார். எங்கம்மாவோட அக்கா. அம்பது வருஷமா ரெண்டு பேரும் மத்தியானத்துல ஒண்ணாதான் ஒக்காருவாங்க. காலா மவுத் ஆகி ரெண்டு வருஷம் ஆவுது. அம்மாவுக்கு அது ஞாபகத்துல நிக்கவே இல்ல. இந்த வீட்ட போர்ஷனா கட்டறப்ப கதவ அடைச்சேன். தெனமும் பாங்கு முடிஞ்சதும் சுவத்தத் தட்டுவாங்க. தட்டித் தட்டிக் கை வீங்கிடுச்சு. தொறந்து காட்டினேன். காலி ரூமப் பாத்துட்டு ஆபா எங்கன்னு அழுதாங்க. மொதல்ல குடிவந்த புருஷன் பொண்டாட்டி இவங்க தட்டறதக் கேட்டுப் பயந்துட்டுப் போயிட்டாங்க. ஜாஸ்தி பேஜாராயிடுச்சு சார். அப்பத்தான் பலகைய மாத்தி எழுதினேன். இவங்க வந்தப்புறம் அம்மா தட்டறதே இல்ல. ராத்திரி தூங்கறாங்க."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே!" என்றாள் பூர்ணிமா.

"சொன்னா ஒத்துக்குவீங்களாம்மா? காலி பண்ணிட்டுப் போயிடுவீங்க."

"அதனால என் அம்மாவுக்குப் பைத்தியம்னு நாங்க நெனச்சா பரவாயில்லன்னு விட்டுட்டீங்க. டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு வேற சொன்னீங்க. உங்கம்மா தூங்கணும்னு எங்கம்மாவ ஹோமுக்கு அனுப்பியிருப்பீங்க!"

வசந்த் கைப்பேசியை எடுத்து, "போலீஸுக்கு நான் சொல்றேன். இந்தக் கதவ இன்னிக்கே செங்கல் வெச்சு அடைக்கணும்," என்று உரத்துப் பேசினார். அக்குரலுக்கு அஞ்சிய முனவ்வர் பேகம், கமலத்தம்மாளின் இடக்கையை இறுகப் பற்றிக்கொண்டார்.

"சத்தம் போடாத வசந்த்," என்றார் கமலத்தம்மாள். "ரெண்டு மாசமா நான் பேசினப்ப நீங்க யாரும் கேக்கல. இப்பவாச்சும் கேளுங்க. மொத நாளு, நான் உங்க அக்கா இல்லம்மான்னு கைய ஆட்டி ஆட்டிச் சொன்னேன். இவங்க அப்படி அழுதாங்க. மறுநாளு அத மறந்துட்டு மறுபடியும் வந்தாங்க. மறுபடியும் சொன்னா மறுபடியும் அழணும். தெனமும் ஒரு சாவா? அதனால சொல்றத விட்டுட்டேன்."

அவர் நயீம் அகமதுவின் பக்கம் கண்ணைத் திருப்பினார். "உன்ன மன்னிச்சிட்டேன்னு நெனைக்காத. என் பிள்ளைங்க என்ன ஒரு மாதிரியா பாத்தாங்களே, அந்தப் பார்வைய நான் மறக்கமாட்டேன். கதவு இருக்கட்டும். தாழ்ப்பாள மட்டும் கழட்டி இந்தப் பக்கம் மாட்டு. தொறக்கறதும் சாத்தறதும் இனிமே எங்க இஷ்டம்."

ஸ்கூட்டரிலிருந்து மெர்சி திருப்புளியைக் கொண்டுவந்தாள். நயீம் அகமதுவே முழந்தாளிட்டுத் தாழ்ப்பாளைக் கழற்றி, படுக்கையறைப் பக்கத்தில் முடுக்கினார். ஒரு திருகாணி கோணலாக இறங்கியது. வசந்த் படிவத்தைக் கிழிக்கவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "டாக்டர ஒரு தடவ கேட்டுக்கலாம்," என்று சொல்லி, தாயின் காலை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனார்.

"என்னால எழுந்து தொறக்க முடியாது," என்று கமலத்தம்மாள் மகளிடம் கூறினார். "காலையில நீ தொறந்து வெச்சிட்டுப் போனா அவங்க வரட்டும்."

நவநீதன் புறப்படும்போது பூர்ணிமா அவரிடம் வாசற்பூட்டின் மாற்றுச்சாவியொன்றைக் கொடுத்தாள். ஏனென்று அவரும் கேட்கவில்லை.

மறுநாள் பகல் ஒன்றே முக்காலுக்கு, லாங் பஜாரில் வெங்காய மண்டியின் மாடியிலிருந்த நவநீதனின் அலுவலகத்தில் தொலைபேசி ஒலித்தது. பூர்ணிமாதான். பின்னணியில் தையல் இயந்திரங்களின் இரைச்சல்.

"சார், காலையில நான் தாழ்ப்பாளத் தொறக்கல. கை வெச்சேன். மனசு வரல. அப்படியே வந்துட்டேன்." அவள் மூச்சு வாங்கினாள். "அம்மா இப்ப போன் பண்ணாங்க. எதுவும் பேசல. போன அலமாரி பக்கம் நீட்டிப் புடிச்சாங்க. அந்தப் பக்கம் தட்டிட்டே இருக்காங்க சார். கையால... நிறுத்தாம."

"தொறக்கட்டுமாம்மா?"

நவநீதன் மேசை இழுப்பறையைத் திறந்தார். மாற்றுச்சாவி அங்கில்லை. நிமிர்ந்து பார்த்தார், மெர்சியின் நாற்காலி காலியாக இருந்தது, மாடிப்படியில் அவளுடைய செருப்போசை இறங்கிக்கொண்டிருந்தது.

"தொறந்துடுங்க சார்," என்றாள் பூர்ணிமா.